ஒப்பரேஷனுக்கு முன்னால் கஞ்சாவைப் பற்றித் தமிழில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கினால் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் வரும். அட்டனுக்கு வருகிற வழியில் பொலிஸ் நாய் மோப்பம் பிடித்தது, இத்தனை இளைஞர்கள் கஞ்சாவோடு பிடிபட்டார்கள், நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள் என்று. இந்த வருடமும் வாசித்தேன். பிடிபடுகிற கஞ்சாவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒப்பரேஷன் மேசையில் படுத்திருக்கிற ஒருவரின் உடம்புக்குள் இருக்கிற கஞ்சாவைப் பற்றி மலையகத்தில் யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற தாதி. 31 வருட வேலையில் பாதிக்கு மேல் சத்திரசிகிச்சை வாட்டிலும் தியேட்டரிலும் கழிந்தது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். என் தம்பியின் அனுமதியோடுதான் அவன் கதையை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டான். அதனால் என் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தென்மேற்கு மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நேரம். கொழுந்து மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் படியில் இறங்கிய தம்பி சறுக்கி விழுந்தான். வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. கம்பளியில் கிடத்தி நாலு பேர் றோட்டுவரை தூக்கி வந்தார்கள். 1990 அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. மறுநாள் ஒப்பரேஷன், தகடு வைக்க வேண்டும் என்றார்கள். நான் அப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். யூனிஃபோர்ம் இல்லாமல், நோயாளியின் அக்காவாக அந்த வாட்டில் நின்றேன்.

அன்று மாலை ஒப்பரேஷனுக்கு முன்னால் கேட்கிற கேள்விகளைக் கேட்டார்கள். கேட்டவர் சிங்கள டொக்டர். வாட்டு உதவியாளர் ஒருவர் தெரிந்த தமிழில் மாற்றிச் சொன்னார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் தம்பியின் மனைவி, கால்மாட்டில் நான். பிரஷர் இருக்கா, சீனி வருத்தம் இருக்கா, சிகரெட் குடிக்கிறதா, சாராயம் குடிக்கிறதா? தம்பி, "சாராயம் நல்ல நாள் பெருநாளைக்கு மட்டும்" என்றான். அது உண்மைதான். டிக்கட்டில், அதாவது நோயாளியின் குறிப்புத் தாளில், எழுதிக்கொண்டு போனார்கள். கஞ்சாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எத்தனையோ பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட நானும் என் கூடப்பிறந்தவனிடம் கேட்கவில்லை. அம்மா நிற்கிறார், கேட்டால் என்ன நினைப்பார் என்று ஒரு கூச்சம். சின்ன வயதில் நான் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோன பிள்ளை, அவனுக்கு அப்படி ஒன்றும் இருக்காது என்று ஒரு நம்பிக்கை.

மறுநாள் முதுகில் ஊசி போட்டுக் காலை மட்டும் மரக்க வைத்துச் செய்யலாம் என்றிருந்தார்கள். தியேட்டருக்குள் போனவன் உட்கார முடியாமல் நடுங்கியிருக்கிறான். நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. பயம் என்று நினைத்து முழு மயக்கம் கொடுத்தார்கள். அவனைத் தூங்க வைக்க வழக்கத்தைவிட நிறைய மருந்து போனது என்று மயக்க மருந்து டொக்டர் பிறகு என்னிடம் சொன்னார். முடிந்து குழாயை எடுக்கிற நேரம் தொண்டை இறுகி, மூச்சு அடைத்து, ஒட்சிசன் கீழே இறங்கி, அவர்கள் போராடித்தான் அவனைத் திருப்பினார்கள். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளே ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

அப்புறம் வாட்டில் நடந்தது இன்னும் கஷ்டம். வலி, வலி என்று கத்தினான். மற்றவர்களை நாலைந்து மணி நேரம் தூங்க வைக்கிற ஊசி இவனுக்கு ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. "இவ்வளவு மருந்துக்கும் வலியென்றால் இது நடிப்பு" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். இரண்டாம் நாள் இரவு உடம்பெல்லாம் வேர்வை, தூக்கமில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். பெற்ற தாயைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசினான். காய்ச்சலா, புண்ணில் கிருமியா என்று பார்த்தார்கள், இல்லை. குடியை மறைக்கிறான் போல என்று அதற்கான மருந்தைத் தொடங்கினார்கள். அம்மாவோ விழுந்த இடத்தில் காத்துக் கருப்பு பட்டிருக்கும் என்று கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்து பூசிவிட்டார்.

மூன்றாம் நாள் இரவு அம்மாவை அனுப்பிவிட்டு நான் பக்கத்தில் இருந்தேன். வாட்டில் விளக்கைக் குறைத்த பிறகு என் கையைப் பிடித்தான். "அக்கா, வீட்ல சொல்லிராத. பதினஞ்சு வருசமா கஞ்சா அடிக்கிறேன். காலையில ஒன்னு, வேல முடிஞ்சி வந்து ரெண்டு." அதோடு விடவில்லை. ஒப்பரேஷன் பயத்துக்கென்று ஒரு கூட்டாளி கொண்டுவந்து கொடுத்த மதன மோதகத்தை, அதாவது கஞ்சா சேர்த்த மருந்து உருண்டையை, அன்று விடியற்காலையில் விழுங்கியிருக்கிறான். "சோறு தண்ணிதான் சாப்புடக்கூடாதுன்னாங்க அக்கா, இது மருந்துதானேன்னு நெனச்சேன்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் மூன்று நாளாக நடந்த எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிட்டது.

புகைக்கிற கஞ்சா சில நிமிடத்தில் ஏறும். விழுங்குகிற கஞ்சா அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஏறத் தொடங்கும், பல மணி நேரம் நிற்கும். விடியற்காலை விழுங்கியது தியேட்டருக்குள் போகிற நேரம் பார்த்து ஏறியிருக்கிறது. நடுக்கமும் படபடப்பும் அதனால்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. புகை குடித்துக் குடித்து எரிச்சலடைந்த தொண்டையும் மூச்சுக்குழாயும் குழாயை உள்ளே விடும்போதும் வெளியே எடுக்கும்போதும் சட்டென்று இறுகிக்கொள்ளும். நீண்ட நாள் பாவிப்பவர்களில் பலருக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படுகிறது, ஒப்பரேஷனுக்குப் பிறகு வலியும் கூடுதலாக இருக்கிறது. தினமும் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் ஒன்று இரண்டு நாளில் தூக்கமின்மை, எரிச்சல், வேர்வை, பசியின்மை எல்லாம் வரும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணியும். அவன் நடிக்கவும் இல்லை, அவனைக் காத்துக் கருப்பு அடிக்கவும் இல்லை.

விடிந்ததும் வாட்டு டொக்டரிடம் சொன்னேன், தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான். இளம் வயது சிங்களப் பிள்ளை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார், திரையை மூடினார். என்னை வைத்துக்கொண்டு நாலே நாலு கேள்வி கேட்டார். ஏசவில்லை, புத்தி சொல்லவில்லை. வலி மருந்தை அவன் கத்துகிறவரை வைத்திராமல் நேரத்துக்கு நேரம் கொடுக்கச் சொன்னார். பரசிட்டமோல் ஒழுங்காக, அதோடு வேறு வகை வலி மருந்தும். மயக்க மருந்து டொக்டரோடு பேசி, காலுக்குப் போகிற நரம்பில் மரக்க வைக்கிற ஊசியும் போட்டார்கள். தூக்கத்துக்குச் சில நாளைக்கு ஒரு மாத்திரை. தேவையில்லாத மருந்தை நிறுத்தினார்கள். அடுத்த தாதியிடமும், அதற்கடுத்த தாதியிடமும் "இவருக்கு இது இருக்கிறது, ஒரு வாரத்தில் சரியாகும்" என்று சொல்லிவைத்தார். ஆறாம் நாள் தம்பி அம்மாவிடம் ரொட்டியும் சம்பலும் கேட்டான்.

இந்த விசயத்தை நான் முதலில் படித்துக்கொண்டது இன்னொருவரிடம். அது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். நுவரெலியாவில் லீக்ஸ் மூட்டை தூக்குகிற ஒருவருக்குக் குடலிறக்கம். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் இரவெல்லாம் இருமல். அடிவயிற்றில் புதிதாகப் போட்ட தையலோடு அப்படி இருமினால் என்னவாகும்? மூன்றாம் நாள் தையல் விட்டுப்போய் மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோனோம். வராந்தாவில் நின்ற அவர் மனைவியிடம், "சிகரெட் இல்லைன்னு சொன்னாரேம்மா, எங்கிருந்து இந்த இருமல்?" என்று கேட்டேன். "சிகரெட் இல்லதான் மிஸி. தெனமும் பீடிக்குள்ள கஞ்சா வச்சி இழுப்பாரு. நீங்க அதக் கேக்கலயே" என்றார்.

நீங்க அதக் கேக்கலயே. அன்றிலிருந்து ஓய்வுபெறும்வரை நான் எல்லோரிடமும் கேட்டேன். அதற்கு முன்னால் டிக்கட்டில் எத்தனை பேருக்கு "இல்லை" என்று கேட்காமலே எழுதியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, உலகத்தில் வேறு இடங்களில் எழுதியே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் நரம்பு மரக்க வைக்கும் மயக்க முறைகளுக்கும் வலி மருத்துவத்துக்குமான டொக்டர்மாரின் சங்கம் 2023 ஜனவரியில் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. மயக்கம் கொடுத்துச் செய்கிற ஒப்பரேஷனுக்கு வருகிற எல்லோரிடமும் கஞ்சாவைப் பற்றிக் கேட்க வேண்டும் என்கிறது. எந்த வகை, எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, கடைசியாக எப்போது. போதையில் தெளிவில்லாமல் வந்தவருக்கு, அவசரமில்லாத ஒப்பரேஷன் என்றால் தள்ளிப்போட வேண்டும். புகைத்தவருக்குக் குறைந்தது இரண்டு மணி நேரமாவது கழிய வேண்டும், காரணம் இதயம். கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வருகிற வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 2001இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. கொலராடோவில் கமராக் குழாய் விட்டுப் பார்க்கிற பரிசோதனைக்கு வந்த 250 பேரின் பதிவுகளைப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். கஞ்சா பாவிப்பவர்களுக்குப் புரொபோபோல், அதாவது நாங்கள் தியேட்டரில் பாக்கிற பால் நிற மருந்து, 220 சதவீதம் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கிறது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் தம்பியின் மயக்க மருந்து டொக்டர் என்னிடம் சொன்னதும் அதே கதைதான்.

என் அக்காவின் மகள் கனடாவில் தாதியாக இருக்கிறாள். அங்கே 2018 ஒக்டோபரில் பெரியவர்கள் பாவிக்கச் சட்டம் அனுமதி கொடுத்துவிட்டது. சிகரெட்டைக் கேட்கிற மாதிரியே இதையும் கேட்போம், அவர்களும் நேற்று ராத்திரி இவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள் சின்னம்மா, என்கிறாள். இங்கே சட்டம் வேறு. 1929ஆம் ஆண்டின் நச்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கஞ்சா வைத்திருப்பது குற்றம். ஆயுர்வேத வைத்தியத்துக்கு ஓர் அனுமதி உண்டு. நான் அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லி எழுதவில்லை. கஞ்சா நல்லது என்றும் எழுதவில்லை, அதனால் கெட்ட குடும்பங்களை எங்கள் லயத்திலேயே பார்த்திருக்கிறேன். சட்டம் எதுவாக இருந்தாலும் மேசையில் படுத்திருக்கிறவருக்கு மூச்சு ஒன்றுதான்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விசயம். மலையகத்தில் இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போவதற்குப் பெரிய காரணம் மொழி. தமிழ் அரச கரும மொழியாகி எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் சத்திரசிகிச்சை வாட்டில் இரவு பத்து மணிக்குத் தமிழ் தெரிந்தவர் யார்? சுத்தம் செய்கிற அக்கா, பக்கத்துக் கட்டில் நோயாளி, இல்லாவிட்டால் சிங்களப் பாடசாலைக்குப் போகிற மகள். டொக்டர்மாரைக் குற்றம் சொல்லவில்லை. அவர்களில் பலர் அரைகுறைத் தமிழிலாவது அன்பாகப் பேசுகிறவர்கள், நான் அவர்களோடு வாழ்நாளைக் கழித்தவள். ஆனால் பதினாலு வயது மகளை இடையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் கஞ்சா அடிக்கிறதா என்று கேட்க முடியுமா? கேட்டாலும் அந்தப் பிள்ளை எப்படிக் கேட்பாள்? ஒரு தடவை என் கண்முன்னே ஒரு பிள்ளை, "கெட்ட பழக்கம் ஒன்னும் இல்லதானேப்பா?" என்று கேட்டாள். அவர் "இல்லம்மா" என்றார். டொக்டர் "இல்லை" என்று எழுதினார். மூன்று பேரும் நல்லவர்கள், எழுதப்பட்டது பொய்.

சொல்லும் முக்கியம். "போதைப்பொருள் பாவிக்கிறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். அந்த வார்த்தை தூளுக்கும் ஐஸுக்கும் உரியது, பொலிஸ் பேசுகிற வார்த்தை. எங்கள் ஆட்கள் பலருக்குக் கஞ்சா போதைப்பொருளே இல்லை. முனியாண்டிக்குச் சுருட்டோடு சேர்த்து வைக்கிறது, குளிருக்கு இழுக்கிறது, முதுகுவலிக்கு எடுக்கிறது. மாவாவை வெற்றிலை மாதிரி நினைக்கிறார்கள். பாக்கும் புகையிலையும் சேர்ந்த அந்தக் கலவையில் பல நேரம் கஞ்சாவும் இருக்கிறது. மோதகத்தை மருந்து என்கிறார்கள். ஆகவே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நான் கேட்ட விதம் இது: "ஐயா, இது பொலிசுக்கு இல்ல, ஒங்களுக்கு மயக்க மருந்து எவ்வளவு குடுக்கிறதுன்னு பாக்கத்தான். கஞ்சா, மாவா, மோதகம் ஏதாவது எடுக்கிறீங்களா? இழுக்கிறீங்களா, மெல்லுறீங்களா, முழுங்குறீங்களா? தெனமுமா, எப்பவாவதா? கடைசியா எப்ப எடுத்தீங்க?" உறவுக்காரரைத் தேத்தண்ணி குடித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டு, திரையை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பேன். பெண்களிடமும் கேட்பேன். கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா, மாவா இல்லாமல் மலையில் நிற்க முடியாது என்று சொன்னார். அவரிடம் அதற்கு முன்னால் யாரும் கேட்டதே இல்லை.

வாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் பாக்கு மென்றவர்களுக்கு உள்கன்னம் நார் பாய்ந்து இறுகி வாய் சரியாகத் திறக்காது. சிலருக்கு இரண்டு விரல்கூட உள்ளே போகாது. மயக்கம் கொடுத்த பிறகுதான் அது தெரிய வந்தால் சுவாசக் குழாயை எப்படி விடுவது? மாவா என்று ஒரு சொல் முன்கூட்டியே டிக்கட்டில் இருந்தால் டொக்டர் முதல் நாளே வாயைத் திறந்து பார்த்து, வேறு வழிக்கு ஆயத்தமாக வருவார். இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை பாக்கு மெல்லுகிற தோட்டத்துச் சனத்துக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

ஏன் மறைக்கிறார்கள் என்றும் யோசிக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரு பொலிஸ் போஸ்ட் இருக்கிறது. விபத்து, அடிதடிக் கேஸ்களைப் பதிகிற இடம் அது. அதைத் தாண்டி வருகிற ஏழைக்கு, உள்ளே சொல்வது வெளியே போகும் என்ற பயம் வராமல் இருக்குமா? 31 வருடத்தில், நான் வேலை செய்த இடங்களில், டொக்டரிடம் கஞ்சா பாவிப்பதைச் சொன்னதற்காக ஒரு நோயாளியைப் பொலிசில் கொடுத்ததை நான் பார்க்கவில்லை. இரண்டாவது பயம், ஒப்பரேஷன் தள்ளிப்போகும் என்பது. மாதக்கணக்காகக் காத்திருந்து திகதி கிடைத்திருக்கும். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பார்கள். கூட வந்தவருக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போயிருக்கும். இதெல்லாம் இருக்கும்போது "நேத்து ராத்திரி எடுத்தேன்" என்று யார் சொல்வார்? ஆனால் சொன்னவுடன் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எங்கேயும் இல்லை. தெளிவாக, நிதானமாக இருக்கிறவருக்குப் பெரும்பாலும் மருந்தையும் முறையையும் மாற்றிக்கொண்டு செய்துவிடுவார்கள். இந்த ஒன்றை கிளினிக்கில் திகதி கொடுக்கிற நாளிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். முன்கூட்டியே தெரிந்தால் சில வாரங்கள் கையில் இருக்கும், டொக்டரைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வரலாம்.

நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஒப்பரேஷன் அன்று காலையில் ஒரு இழுப்புக்கூட வேண்டாம், பயத்துக்கென்று எதையும் விழுங்க வேண்டாம். சாப்பிடக்கூடாது என்றால் மோதகமும் லேகியமும் அதில் சேர்த்திதான். வயிற்றில் உள்ளது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. ஒப்பரேஷன் முடிந்து வலி மாத்திரை எடுக்கிற நாட்களில் அதோடு கஞ்சாவையும் சேர்த்தால் மந்தம் கூடி விழுந்து எழும்புவீர்கள். எலும்பு முறிவு என்றால் பீடிக்குள் இருக்கிற புகையிலையே எலும்பு பொருந்துவதைத் தாமதப்படுத்தும். இதயத்தில் வால்வு மாற்றி இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுக்கிறவர்கள் கஞ்சாவை மறைக்கவே கூடாது, அந்த மருந்தின் வேகத்தை அது கூட்டிவிடும். பாவிப்பை நிறுத்த விரும்புகிறவர்கள் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற எண்ணுக்கு எடுத்துப் பேசலாம்.

வாட்டில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. ஒப்பரேஷன் முடிந்த இரண்டாம் மூன்றாம் நாளில் ஒரு மனிதர் தூங்காமல், வேர்த்து, எரிந்து விழுந்தால் முதலில் கிருமியையும் இரத்தக் கசிவையும் குடியையும் பாருங்கள், அது சரி. எல்லாம் சரியாக இருந்தால் கஞ்சாவையும் நினையுங்கள். விடாத வாந்தியும் வயிற்று வலியுமாக ஒரு இளைஞன் திரும்பத் திரும்ப வந்தால், கத்தியை எடுக்கிறதற்கு முன்னால் சுடுதண்ணியில் குளித்தால் குறைகிறதா என்று கேளுங்கள். நீண்ட நாள் கஞ்சா எடுக்கிறவர்களுக்கு வருகிற வாந்தி நோய்க்கு அது ஓர் அடையாளம், 2004இல் அவுஸ்திரேலிய டொக்டர்மார் எழுதியது. எங்கள் குளிரில் எல்லோரும் சுடுதண்ணியில்தான் குளிக்கிறார்கள் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டால் தெரிந்துவிடும்.

சுகாதார அமைச்சுக்கும் மாகாணத் திணைக்களங்களுக்கும் நான் கேட்பது பெரிய செலவில்லாத விசயம். ஒப்பரேஷனுக்கு முன்னால் நிரப்புகிற தாளில் சாராயம், சிகரெட், வெற்றிலைக்குப் பக்கத்தில் கஞ்சா, மாவா, மோதகம் என்று ஒரு வரி சேருங்கள், மூன்று மொழியிலும். மலையக ஆஸ்பத்திரிகளின் சத்திரசிகிச்சை வாட்டுகளில் இரவு பகல் ஒரு தமிழ் தெரிந்தவர் இருக்கட்டும். உறவுக்காரப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கிற வழக்கத்தை விடுங்கள். ஆள் கிடைக்காத இரவில் தமிழ் தெரிந்த ஒரு தாதிக்கு டெலிபோன் எடுத்தாவது அந்த நாலு கேள்வியைக் கேட்கலாம். தோட்டத்து மருந்து வீட்டிலிருந்து கடிதம் கொடுத்து அனுப்புகிற வைத்திய உதவியாளர்கள், தங்களுக்குத் தெரிந்தால், நோயாளியின் சம்மதத்தோடு அதை ஒரு வரியாக எழுதி மூடிய உறையில் அனுப்பலாம். அவர்களுக்கு யார் என்ன எடுக்கிறார்கள் என்று எங்களைவிட நன்றாகத் தெரியும்.

தம்பி இப்போது நடக்கிறான், கொஞ்சம் சாய்ந்து. கஞ்சாவை முழுதாக விட்டுவிட்டான் என்று நான் எழுத மாட்டேன். குறைத்திருக்கிறான், அவ்வளவுதான். காலில் வைத்த தகட்டின் ஓர் ஆணி தோலுக்குள் உறுத்துகிறது, அடுத்த மாதம் அதை எடுக்கத் திகதி கொடுத்திருக்கிறார்கள். போன கிழமை என் வீட்டுக்கு வந்து கிளினிக் கொப்பியை நீட்டினான். அதற்குள் ஒரு துண்டுத் தாளில் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தான்: கஞ்சா, புகை, கிழமைக்கு இரண்டு தடவை, மோதகம் இல்லை, கடைசியாக எடுத்தது என்று போட்டு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியை அன்று காலையில் நிரப்புவானாம். சிங்களத்தில் எழுதித் தரச் சொன்னான். கீழே எழுதிக் கொடுத்தேன். கூட வரவா என்று கேட்டேன். "வா அக்கா, ஆனா அவங்க கேக்குற நேரம் வெளிய நில்லு" என்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
தலவாக்கலை.